பாலமும் பாதையும் கணிதமும்

மட்டக்களப்பு நாட்டை நீளவாக்கில் இரு கூறாகப் பகுத்து நிற்பது வாவி. வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நீண்டு கிடக்கும் அந்நீர்ப்பரப்பின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும், மேற்கரையைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். ஞாயிறு எழுகின்ற கரை ஒன்று. ஞாயிறு படுகின்ற கரை மற்றொன்று. எழுவான்கரையில் கடலும், நெடுஞ்சாலையும், ஒன்றோடொன்று ஒட்டிய ஊர்களும் உள. படுவான்கரையில் வயலும், குளமும், மேய்ச்சல் நிலமும், அவற்றினிடையே தள்ளித்தள்ளி அமைந்த கிராமங்களும் உள.

வாவியைக் கடப்பதற்குப் பாலங்கள் சில உண்டு. பாலம் இல்லாத துறைகளில் மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு அப்பகுதியார் இட்ட பெயர் ‘பாதை’ என்பதாகும். நிலத்தில் கிடப்பதை வீதி என்றும், நீரில் மிதப்பதைப் பாதை என்றும் அவர்கள் சொல்லும் வழக்கு பொருள் பொதிந்தது. மண்முனைத் துறை, குருக்கள்மடம் அம்பிளாந்துறைத் துறை, குருமண்வெளி மண்டூர்த் துறை ஆகியவற்றில் தலைமுறை தலைமுறையாக மக்கள் பாதைக்காகக் காத்து நின்றிருக்கின்றனர்.

படுவான்கரை வயலில் ஓர் உழவனைப் பாம்பு தீண்டிவிட்டதென்று கொள்க. எதிர்க்கரையில் விளக்குகள் மின்னுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆயினும் கண்ணுக்கு எட்டியது காலுக்கு எட்டுவதில்லை. பாதை அக்கரையில் நின்றால் அது திரும்பி வரும்வரை காத்திருத்தல் வேண்டும். இரவாயின் வீதி வழியாகச் சுற்றிப் போதல் வேண்டும். அவ்வுழவனின் உயிரைக் காப்பது கரைக்கும் கரைக்கும் இடையேயுள்ள தூரமன்று. எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் தொடர்பு உண்டு என்பதே. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது வாவியின் அகலம் ஒரு முழமேனும் குறையவில்லை. எனினும் கொக்கட்டிச்சோலையும் மகிழடித்தீவும் நகரத்துக்கு அண்மையில் வந்துவிட்டன. தூரத்தை விட்டுத் தொடர்பை மட்டும் எண்ணுகின்ற இந்த நோக்கே ஒரு பெரிய கணிதத் துறைக்கு வித்தாக அமைந்தது. அந்த வித்தும் ஆற்றங்கரைப் பாலமொன்றின் அடியிலேதான் முளைத்தது என்பது நயமான செய்தி.

ஐரோப்பாவில் கோனிக்ஸ்பேர்க் என்றொரு நகரம் இருந்தது. இன்று அது கலினின்கிராட் என்னும் பெயருடன் ருஷ்ய நாட்டில் உள்ளது. பிரெகல் என்னும் ஆறு அந்நகரை நான்கு நிலப்பகுதிகளாகப் பிரித்தது. அவற்றை ஏழு பாலங்கள் இணைத்தன. ஒரு பாலத்தையும் இருமுறை கடவாமல் ஏழு பாலங்களையும் ஒரே நடையில் கடந்துவிட முடியுமா என்பது ஊராரின் பொழுதுபோக்கு வினா. 1735ஆம் ஆண்டில் லெயோனார்ட் ஒய்லர் என்னும் கணித அறிஞர் சென் பீற்றர்ஸ்பேர்க் அறிவியற் கழகத்தில் இதற்கு விடை பகர்ந்தார். முடியாது என்பதே அவ்விடை. அவர் ஊரை அளக்கவில்லை. ஆற்றின் வளைவைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நிலப்பகுதியையும் ஒரு புள்ளியாகவும், ஒவ்வொரு பாலத்தையும் ஒரு கோடாகவும் கொள்ளத்தக்க வகையில் வினாவைச் சுருக்கினார். நடுவழியில் ஓர் இடத்துக்குப் போனால் அங்கிருந்து வெளியேறவும் வேண்டும். ஆகவே அங்கே பாலங்கள் இரண்டிரண்டாகச் சேர்தல் வேண்டும். ஒற்றைப்படையான பாலங்கள் உள்ள இடங்கள் நடை தொடங்கும் இடமும் முடியும் இடமுமாக இரண்டுக்கு மேல் இருத்தல் இயலாது. கோனிக்ஸ்பேர்க்கிலோ நான்கு பகுதிகளிலும் ஒற்றைப்படையான பாலங்களே இருந்தன. வினா முடிந்தது, புதிய கணிதம் பிறந்தது.

புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் சேர்ந்த இவ்வமைப்பைக் கோட்டுரு என்பர். புள்ளியை முனை என்றும் கோட்டைத் தொடுப்பு என்றும் கொள்ளலாம். ஊர்கள் முனைகளானால் வீதிகள் தொடுப்புகள். மனிதர் முனைகளானால் நட்பும் உறவும் தொடுப்புகள். ஒரு மருந்தின் அணுக்கள் முனைகளானால் அவற்றைப் பிணைக்கும் பிணைப்புகள் தொடுப்புகள். பொருள் வேறாயினும் உரு ஒன்றே. அதனால் ஓரிடத்திற் கண்ட கணிதம் எல்லாவிடத்தும் பயன் தருகிறது.

கோனிக்ஸ்பேர்க்கின் கோட்டுருவில் முனைகள் நான்கு, தொடுப்புகள் ஏழு. ஒரு துண்டுக் காகிதம் போதும். நம் காலத்துக் கோட்டுருக்களோ காகிதத்தில் அடங்குவன அல்ல. உலகம் முழுவதும் இணையத்தில் ஏறியுள்ள பக்கங்களை முனைகள் என்றும், ஒரு பக்கம் மற்றொன்றைச் சுட்டுவதைத் தொடுப்பு என்றும் கொண்டால், அவை கோடிக்கணக்கிற் பெருகுகின்றன. 1998ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லாரி பேஜ், சேர்ஜி பிரின் என்னும் இருவர், எந்தப் பக்கம் மதிப்புடையது என்பதை இக்கோட்டுருவைக் கொண்டே கணிக்கலாம் என்று காட்டினர். மதிப்புள்ள பக்கங்கள் பல எதனைச் சுட்டுகின்றனவோ அதுவும் மதிப்புடையது என்பது அவர்கள் கொண்ட விதி. ஒவ்வொரு பக்கமும் தன் மதிப்பைத் தான் சுட்டும் பக்கங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும்; பெற்ற பங்குகளைக் கூட்டித் தன் புதிய மதிப்பை அமைத்துக்கொள்ளும்; மீண்டும் பங்கிடும். மதிப்புகள் மேலும் மாறாத நிலை வரும்வரை இது தொடரும். கூகிள் நிறுவனம் இவ்விதியின் மேல் எழுந்தது.

இத்தகைய கணக்கை ஒரு கணினியிற் செய்ய முயன்றால் நினைவகம் கொள்ளாது. பல கணினிகளுக்குப் பகிர்ந்தளித்தல் வேண்டும். நெல் மூட்டைகளை எண்ணுவதாயின் பகிர்தல் எளிது. ஆளுக்கு நூறு மூட்டை கொடுத்து எண்ணச் செய்து இறுதியிற் கூட்டிவிடலாம். ஒரு மூட்டைக்கும் மறு மூட்டைக்கும் தொடர்பில்லை. கோட்டுருவின் நிலை அதுவன்று. ஒரு முனையின் கணக்கு அயல் முனையின் கணக்கைச் சார்ந்தது. அயல் முனை வேறொரு கணினியில் இருக்கலாம். ஆகவே கணினிகள் ஓயாது ஒன்றோடொன்று பேசிக்கொள்ளுதல் வேண்டும். இப்பேச்சை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் அமைப்பையே கோட்டுருச் சட்டகம் என்கின்றனர். 2010ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனத்தார் அத்தகைய சட்டகம் ஒன்றை உலகுக்கு விளக்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘பிரெகல்’. ஒய்லரை நினைந்து, அந்த ஏழு பாலங்களும் கடந்த ஆற்றின் பெயரையே சூட்டினர்.

பிரெகலின் உள்ளக் கருத்து ஒரு சிறிய கட்டளையில் அடங்கும்: ‘ஒவ்வொரு முனையும் தன்னை ஓர் ஊராக எண்ணிக்கொள்க, அயலூரிலிருந்து வந்த செய்தியைப் படிக்க, தன் கணக்கைத் திருத்துக, திருத்தம் ஏற்பட்டால் அயலூருக்குச் செய்தி விடுக்க, இல்லையேல் வாளாவிருக்க.’ முழு நாட்டின் படமும் எந்த ஊருக்கும் தெரியவேண்டியதில்லை. அயலாரைத் தெரிந்தால் போதும்.

இதனை வாவிக்கரையிலேயே செய்து பார்க்கலாம். பின்வரும் நிமிடங்கள் கணக்கு விளங்குவதற்காகக் கொண்டவை. வீதியில் அளந்தவை அல்ல. மட்டக்களப்பு வைத்தியசாலையிலிருந்து கல்லடிக்கு 10 நிமிடம். கல்லடியிலிருந்து மண்முனைத் துறைக்கு 20. மண்முனையிலிருந்து பாலத்தின் வழியே மகிழடித்தீவுக்கு 5. மகிழடித்தீவிலிருந்து கொக்கட்டிச்சோலைக்கு 5. மறுபுறம், வைத்தியசாலையிலிருந்து வவுணதீவுக்கு 15. வவுணதீவிலிருந்து கொக்கட்டிச்சோலைக்கு 45. வைத்தியசாலையை அடைய எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் செல்லும் என்பதே கேள்வி.

தொடக்கத்தில் வைத்தியசாலை மட்டும் தன் எண்ணை 0 என்று அறியும். ஏனைய ஊர்களுக்கு எதுவும் தெரியாது. முதற் சுற்றில் வைத்தியசாலை தன் அயலார்க்குச் செய்தி விடுக்கிறது. கல்லடி 10 என்றும், வவுணதீவு 15 என்றும் குறித்துக்கொள்கின்றன. இரண்டாம் சுற்றில் கல்லடியின் செய்தியால் மண்முனை 30 என்று குறிக்கிறது. வவுணதீவின் செய்தியால் கொக்கட்டிச்சோலை 60 என்று குறிக்கிறது. மூன்றாம் சுற்றில் மகிழடித்தீவுக்கு இரு திசையிலிருந்தும் செய்தி வருகிறது: மண்முனை வழியே 35, கொக்கட்டிச்சோலை வழியே 65. அது சிறியதாகிய 35ஐக் கொள்கிறது. நான்காம் சுற்றில் மகிழடித்தீவின் செய்தி கொக்கட்டிச்சோலையை அடைய, அது தன் பழைய 60ஐ அழித்து 40 என்று எழுதுகிறது. ஐந்தாம் சுற்றில் கொக்கட்டிச்சோலையின் புதுச் செய்தியால் எவருக்கும் பயனில்லை. வவுணதீவிடம் ஏற்கெனவே 15 உண்டு. எல்லா ஊர்களும் வாளாவிருக்கின்றன. அமைதியே விடை கிடைத்ததற்கு அடையாளம்.

இனி மண்முனைப் பாலத்தை எடுத்துவிட்டுப் பாதையை வைத்துப் பார்க்க. காத்திருக்கும் நேரமும் சேர்த்து 40 நிமிடம் என்று கொள்க. இப்பொழுது மகிழடித்தீவுக்கு மண்முனை வழி 70 ஆகிறது, சுற்றுவழியோ 65. நீரை எதிரே வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றிப் போவதே விரைவாகிவிடுகிறது. பாலம் வருமுன் படுவான்கரை மக்கள் பட்டறிவாற் செய்த அதே கணக்கை, ஒன்றும் அறியாத ஆறு முனைகள் அயலாரோடு பேசிப்பேசியே கண்டுபிடித்துவிட்டன. ஆறு முனைக்குப் பொருந்தும் இம்முறை ஆறு கோடி முனைக்கும் பொருந்தும்.

இவ்வேற்பாட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு சுற்றில் எல்லாரும் தத்தம் வேலையை முடித்த பின்னரே அடுத்த சுற்றுத் தொடங்கும். முந்தியவர் பிந்தியவருக்காகக் காத்திருப்பர். கரையில் நிற்போர் அனைவரும் ஏறிய பின்னரே பாதை புறப்படுவதைப் போன்றது அது. இம்முறையை 1990ஆம் ஆண்டில் லெஸ்லி வாலியன்ற் என்னும் அறிஞர் வகுத்திருந்தார். குழப்பம் நேராமை இதன் நன்மை. ஒருவர் தாமதித்தால் அனைவரும் தாமதித்தல் இதன் தீமை. ஆயிரம் கணினிகளுள் ஒன்றிரண்டு பழுதாவது இயல்பாதலால், சில சுற்றுகளுக்கு ஒருமுறை எல்லாக் கணக்கையும் பதிந்துவைப்பர். பழுது நேர்ந்தால் முதலிலிருந்து தொடங்காமல், பதிந்த இடத்திலிருந்து தொடர்வர்.

பெரிய கோட்டுருவைக் கணினிகளுக்குப் பங்கிடுவதிலேதான் திறமை முழுவதும் உள்ளது. மட்டக்களப்பு நாட்டை இரு கணினிகளுக்குப் பங்கிடுவதாயின், எழுவான்கரையை ஒன்றுக்கும் படுவான்கரையை மற்றொன்றுக்கும் கொடுப்பதே அறிவுடைமை. வாவியைக் கடக்கும் தொடுப்புகள் விரல்விட்டு எண்ணத்தக்கன. ஆகவே கணினிகளுக்கிடையே செல்லும் செய்தியும் குறையும். ஆனால் மக்கள் நட்பின் கோட்டுருவில் இத்தகைய வாவி கிடையாது. எங்கே வெட்டினாலும் ஆயிரமாயிரம் தொடுப்புகள் அறும். மேலும், சில முனைகளுக்கு அளவிறந்த தொடுப்புகள் இருக்கும். பெயர்பெற்ற ஒருவரை இலட்சக்கணக்கானோர் பின்தொடர்வர். அவரைத் தாங்கும் ஒரு கணினி மட்டும் திணற, ஏனையவை சும்மா இருக்கும். 2012ஆம் ஆண்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ‘பவர்கிராப்’ என்னும் சட்டகத்தில் இதற்கு ஒரு வழி கண்டனர். தொடுப்பை வெட்டுவதற்கு மாறாக முனையையே வெட்டி, ஒரே முனையின் வேலையைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டனர். பிரெகலின் முறையைப் பின்பற்றி எல்லாரும் பயன்படுத்தும்படி ஆக்கப்பட்ட ‘ஜிராப்’ என்னும் சட்டகத்தைக் கொண்டு, 2013ஆம் ஆண்டில் பேஸ்புக் நிறுவனத்தார் ஓர் இலட்சம் கோடித் தொடுப்புகளையுடைய கோட்டுருவை 200 கணினிகளிற் கையாண்டனர். பக்கங்களின் மதிப்பைக் கணிக்கும் கணக்கில் ஒரு சுற்று முடிய நான்கு நிமிடமே சென்றது என்று அறிவித்தனர்.

இதுவரை சொல்லியது கணிப்பு. கற்றல் என்பது அடுத்த படி. வாவிக்கரை ஊர்களுள் எவை வரும் மாரியில் வெள்ளத்தால் துண்டிக்கப்படும் என்று முன்கூட்டி அறிய வேண்டுமென்று கொள்க. ஒவ்வொரு ஊரும் தன் நிலையைச் சில எண்களாற் குறித்துக்கொள்ளும்: நிலத்தின் உயரம், வீதியின் தன்மை, குளத்துக்கும் தனக்கும் உள்ள தொலைவு என்பன. ஒரு சுற்றில் அது அயலூர்களின் எண்களைத் திரட்டி, தன் எண்களோடு குறித்த நிறைகளின்படி கலந்து புதிய எண்களை அமைக்கும். இரண்டு மூன்று சுற்றுகளின் பின் அவ்வெண்களில் அயலூரின் நிலையும், அயலூருக்கு அயலூரின் நிலையும் கலந்திருக்கும். அவற்றைக் கொண்டு கணினி ஒரு தீர்ப்புச் சொல்லும். பழைய வெள்ளங்களில் உண்மையாக நிகழ்ந்ததோடு அத்தீர்ப்பை ஒப்பிடுவர். பிழை கண்டால் கலவையின் நிறைகளைச் சிறிது மாற்றுவர். இவ்வாறு பன்முறை திருத்தத் திருத்தத் தீர்ப்பு உண்மையை அணுகும். தன்னந்தனியாக ஒரு மாணவனைப் பாராமல், அவன் யாரோடு சேர்கிறான் என்பதையும் பார்த்து மதிப்பிடும் ஆசிரியரின் முறை இது. ‘இனத்தைக் கொண்டு அறிதல்’ எனலாம். 2009ஆம் ஆண்டளவில் தெளிவாக வகுக்கப்பட்ட இம்முறை, 2017க்குப் பின் வேகமாகப் பரவியது.

அயலார் பலராயின் அனைவரையும் கேட்பது இயலாது. ஓர் ஊருக்கு நூறு அயலூர், அவ்வொவ்வொன்றுக்கும் நூறு, மூன்றாம் சுற்றில் பத்து இலட்சம் செய்திகள் வந்து குவியும். ஆகவே ஸ்ரான்போர்ட் ஆய்வாளர் 2017இல் ஒரு வழியை வெளியிட்டனர். அயலார் அனைவரையும் கேளாது, சிலரை மட்டும் பொறுக்கியெடுத்துக் கேட்டால் போதும் என்பது அது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் நம் பாட்டியர் அறிவே அங்கே கணிதமாயிற்று. அடுத்த ஆண்டில் பின்றரெஸ்ட் என்னும் நிறுவனம் 300 கோடி முனைகளும் 1,800 கோடித் தொடுப்புகளும் உள்ள கோட்டுருவில் இதனைச் செயற்படுத்தியது. 2020ஆம் ஆண்டில் வண்டிகள் சென்றடையும் நேரத்தை முன்னறிவதற்குக் கூகிள் நிறுவனத்தார் இவ்வகைக் கற்றலைப் பயன்படுத்தியதாக அறிவித்தனர். அதே ஆண்டில் மசாச்சூசற்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர், அணுக்களின் கோட்டுருவைக் கற்ற கணினியின் துணையால், கிருமிகளைக் கொல்லும் ‘ஹலிசின்’ என்னும் பொருளைக் கண்டெடுத்தனர்.

இத்துணை ஆற்றலுள்ள கருவியிடம் ஒரு குறை உண்டு. அது அறிவின் குறையன்று. அதற்கு ஊட்டப்படும் படத்தின் குறை. கோட்டுருவில் வரையப்படாத தொடுப்பு கணினிக்கு இல்லாத தொடுப்பே ஆகும். வயல் வரம்பு வழியே அம்பியுலன்ஸ் வண்டி போகத்தக்க கிறவல் வீதி ஒன்று இருந்தும் படத்தில் இல்லையாயின், கணினி நோயாளியைச் சுற்றுவழியே அனுப்பும். அதற்கு நேர்மாறும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி நாவலடிக் கரையை அழித்தபோதும், 2011 ஜனவரியில் வெள்ளம் படுவான்கரை வீதிகளை மூடியபோதும், நேற்று இருந்த தொடுப்புகள் இன்று இல்லாமற் போயின. நேற்றைய படத்தை வைத்துக்கொண்டு கணினி எத்துணை விரைவாகக் கணித்தாலும், அது வண்டியை நீருக்குள்ளேயே அனுப்பும். விரைவு பிழையைத் திருத்தாது, பிழையை விரைவுபடுத்தும்.

ஆகவே எந்த வீதி உண்டு, எது உடைந்தது, எந்தத் துறையில் எத்தனை மணிவரை பாதை ஓடும் என்பதைப் பதிந்து கொடுக்கும் வேலை ஊராருடையது. ஊரின் பெயரைப் பிழையின்றி எழுதுவதும், கிராம வீதியைப் படத்தில் ஏற்றுவதும் சிறு பணிகள்போற் தோன்றும். பாம்பு தீண்டிய இரவில் அவை சிறு பணிகள் அல்ல.

இக்குறை வீதிப் படத்தோடு நில்லாது. இணையப் பக்கங்களைத் தொடுப்பைக் கொண்டு மதிப்பிடும்பொழுது, பலர் சுட்டும் பக்கமே முன்னே வரும். முன்னே வருவதையே மேலும் பலர் சுட்டுவர். செல்வம் செல்வத்தைச் சேர்ப்பதுபோல் தொடுப்பு தொடுப்பைச் சேர்க்கும். வாவியின் மீன்களைப் பற்றியோ, வடமோடி தென்மோடிக் கூத்துகளைப் பற்றியோ ஒருவர் தமிழில் அரிய கட்டுரை எழுதி ஏற்றினாலும், அதனை ஒருவரும் சுட்டாவிடின் அது பாலமில்லாத ஊர்போலக் கிடக்கும். கணினி அதனை இகழ்வதில்லை. அதனை அடையும் வழி அறியாது. தமிழில் எழுதுவோர் ஒருவரையொருவர் படித்துச் சுட்டிக்காட்டும் பழக்கம் வளர்வதே அதற்கு மருந்து. அதுவும் ஒருவகைப் பாலம் அமைத்தலே.

இவையனைத்தும் பெரும் நிறுவனங்களுக்கே உரியவை என்று சோர்தல் வேண்டா. 2012ஆம் ஆண்டிலேயே ‘கிராப்சி’ என்னும் சட்டகம், நூறு கோடிக்கு மேற்பட்ட தொடுப்புகளை ஒரே சிறு கணினியிற் கையாளலாம் என்று காட்டியது. கோட்டுருவை வட்டில் வைத்துப் பகுதி பகுதியாக எடுத்துக் கணித்தல் அதன் உபாயம். இன்று இத்தகைய சட்டகங்கள் பல விலையின்றிக் கிடைக்கின்றன. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தின் மாணவன் ஒருவன் தன் மேசையில் உள்ள கணினியைக் கொண்டே மட்டக்களப்பு வாவியின் ஊர்களையும் துறைகளையும் ஒரு கோட்டுருவாக்கி, எந்த ஒரு பாலம் அறுந்தால் எத்தனை ஊர் தனிமைப்படும் என்று கணித்துச் சொல்லலாம். யாழின் சுருதிகளைக் கணிதத்தின் துணையால் ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்த விபுலாநந்த அடிகள் துயில்கொள்ளும் மண் கல்லடி. கணிதமும் தமிழும் ஒன்றுக்கொன்று அயலாரே என்பதற்கு அந்த மண்ணுக்கு வேறு சான்று வேண்டா.

கோனிக்ஸ்பேர்க் மக்களின் வினா பொழுதுபோக்கு வினா. படுவான்கரை மக்களின் வினா பொழுதுபோக்கன்று. இரண்டுக்கும் விடை சொல்லும் கணிதம் ஒன்றே. முன்னதற்குரிய விடையை ஒய்லர் தந்தார். பின்னதற்குரிய கோடுகளை அக்கரையார் தாமே வரைந்து கொடுத்தல் வேண்டும்.